நாயின் மறதிக்கு யார் சாட்சி?

சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு வயதைத் தாண்டிய வளர்ப்பு நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் நடத்திய கணக்கெடுப்பை 2010இல் வெளியிட்டார்கள். அவர்கள் கணிப்பில் 14.2 விழுக்காடு நாய்களுக்கு முதுமை மறதி நோய் இருந்தது. கால்நடை மருத்துவர் பார்த்து அந்த நோய்தான் என்று சொல்லியிருந்த நாய்கள் 1.9 விழுக்காடு மட்டுமே. மற்றவை மருத்துவமனை வாசலையே மிதிக்காதவை என்று நினைக்க வேண்டாம். தடுப்பூசிக்கோ வயிற்றுப்போக்குக்கோ பல நாய்கள் போய்த்தான் வந்திருக்கும். வீட்டுக்காரர் இதைச் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. வயசாகிவிட்டது என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

நாயின் மூளை மூப்பைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால், இந்தச் சாட்சிச் சிக்கல் எல்லா இடத்திலும் குறுக்கே வருகிறது. மனிதருக்கு மறதி நோயா என்று பார்க்க, இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவர் நேரே கேட்கலாம். நாயிடம் அது நடக்காது. ஆகவே நம் கையில் இருக்கும் அறிவு இரண்டு வழியாக வந்தது. ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்து கிழமாகிப்போன பீகிள் நாய்களுக்கு வைத்த தேர்வுகள் ஒரு வழி. வீட்டு நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் இன்னொரு வழி. முதலாவதில் அளவு துல்லியமானது, ஆனால் அந்த நாய்க்கு வீடு கிடையாது. இரண்டாவதில் வீடு இருக்கிறது, ஆனால் அளப்பவர் அந்த நாயின் மேல் பாசம் வைத்தவர். இரண்டு வழியும் ஒரே இடத்தில் போய்ச் சேரும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது. அப்படிச் சேரும் இடங்கள் அதிகம் இல்லை.

முதலில் படிவங்கள். வழி தடுமாறுவது, வீட்டாரோடும் மற்ற விலங்குகளோடும் பழகும் விதம் மாறுவது, தூக்கமும் விழிப்பும் இடம் மாறுவது, வீட்டுக்குள்ளேயே மலஜலம் கழிப்பது, நடமாட்டம் குறைவது அல்லது காரணமில்லாமல் கூடுவது: இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டிஷா’ என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். பதற்றத்தைப் பிற்பாடு ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஏட்டில் இது வறட்டுப் பட்டியலாகத் தெரியும். வீட்டில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் முகம் தெரியும். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கும் பக்கத்தில் போய் நின்று காத்திருக்கும். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துவிட்டுப் பின்னால் வரத் தெரியாமல் அங்கேயே நிற்கும். பகலெல்லாம் தூங்கிவிட்டு நள்ளிரவில் எழுந்து கூடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். யாரையும் பார்க்காமல் ஊளையிடும். தெருவுக்குக் கூட்டிப்போனால் சும்மா நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் சமையலறை வாசலில் சிறுநீர் கழிக்கும். பத்து வருடமாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிவந்தது, இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும்.

இவை எவ்வளவு பரவலானவை? கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 180 நாய்களை எடுத்துக்கொண்டு 2001இல் வெளியிட்ட கணக்கில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டுக்கு ஏதாவது ஒரு வகைக் குறியாவது இருந்தது. 15, 16 வயதில் அது 68 விழுக்காடு. ஸ்பெயினில் 2009இல் வந்த ஓர் ஆய்வு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட நாய்களில் 22.5 விழுக்காடு என்றது. சிட்னியின் 14.2ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சரி என்ற கேள்வி எழும். ஒரு குறி இருந்தாலே கணக்கில் சேர்த்தால் எண் ஏறும், பலவும் சேர்ந்து தீவிரமாக இருந்தால்தான் நோய் என்றால் இறங்கும். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விழுக்காடு இருக்கிறது. சிட்னிக் குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட 13 கேள்விப் படிவம் இந்தக் கோட்டை ஓரளவு உறுதியாகப் போட முயன்றது. மொத்தம் 80 மதிப்பெண். 50ஐ எட்டினாலோ தாண்டினாலோ நோய். அதில் எனக்குப் பிடித்தது, சில கேள்விகள் ஆறு மாதத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடச் சொல்வது. நாய் எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டால் வீட்டுக்காரர் நிதானித்துப் பதில் சொல்கிறார்.

ஆய்வுக்கூட வழி இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் நார்ட்டன் மில்கிராமும், கலிஃபோர்னியாவின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த கார்ல் காட்மன், எலிசபெத் ஹெட் ஆகியோரும் 1990களில் கிழட்டு பீகிள்களுக்குத் தேர்வு வைக்க ஆரம்பித்தார்கள். நோக்கம் நாய்க்கு வைத்தியம் பார்ப்பதல்ல, மனிதரின் அல்சைமர் நோயைப் புரிந்துகொள்வது. தேர்வு எளிமையானது. நாயின் முன்னால் ஒரு தட்டு வரும். அதில் ஒரு குழியை ஒரு கட்டை மூடியிருக்கும். கட்டையைத் தள்ளினால் கீழே தீனி. தட்டை இழுத்துக்கொள்வார்கள். சில விநாடிகள் கழித்து அதே தட்டு இரண்டு கட்டைகளோடு வரும். இப்போது தீனி முன்பு கட்டை இல்லாத இடத்தில் இருக்கும். முன்பு எங்கே பார்த்தோம் என்பது நினைவில் இருந்தால்தான் சரியான கட்டையைத் தள்ள முடியும். இடைவெளியை நீட்ட நீட்டக் கேள்வி கடினமாகும். இந்த வகை நினைவு ஆறு வயதிலேயே சரியத் தொடங்கிவிடுவதை இந்தத் தேர்வுகள் காட்டின. வீட்டில் யாரும் எதையும் கவனிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னால் அது. இன்னொன்றும் தெரிந்தது: எல்லாக் கிழட்டு நாய்களும் ஒன்றல்ல. ஒரே வயது, ஒரே கூண்டு வரிசை, ஒரே தீனி. இருந்தும் சில இளம் நாய்களுக்குச் சமமாகத் தேறின, சில அடியோடு தோற்றன.

மூளையைத் திறந்து பார்த்தபோது நாய் ஏன் இவ்வளவு பொருத்தமான ஒப்பு என்பது தெளிவானது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்கின் அமினோ அமில வரிசை நாய்க்கும் மனிதருக்கும் அப்படியே ஒன்று. எலியில் அது வேறு. அதனால்தான் மரபணுவை மாற்றிய எலிகளை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் படாதபாடு பட வேண்டியிருக்கிறது. நாய்க்கு எந்த மாற்றமும் செய்யாமலே, வயதானால் மூளையில் அமிலாய்டு படிகிறது. ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் படிகிறது. புறணி சுருங்குகிறது, மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் அகலமாகின்றன, நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸில் செல்கள் குறைகின்றன. ஆனால் மனித அல்சைமரின் இன்னொரு பாதியான டௌ புரத முடிச்சுகள் நாயிடம் அதே வடிவில் வருவதில்லை. ஆகவே நாய்க்கு அல்சைமர் என்று செய்தித்தாள்கள் போடும் தலைப்பு பாதிதான் உண்மை.

இந்த வழியில் வந்தவற்றில் மிகவும் விவரமான சோதனை மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. 48 கிழட்டு பீகிள்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான தீனி, வழக்கமான வாழ்க்கை. இரண்டாவது குழுவுக்கு வைட்டமின் ஈ, சி, லிப்போயிக் அமிலம், கார்னிட்டின், அத்துடன் பசலைக்கீரை, கேரட், தக்காளிச் சக்கை, திராட்சைச் சக்கை, எலுமிச்சை வகைப் பழச்சதை எல்லாம் கலந்த தீனி. (இதைப் படித்துவிட்டு யாரும் நாய்க்குத் திராட்சை கொடுத்துவிடக் கூடாது. திராட்சையும் உலர்திராட்சையும் பல நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்பவை.) மூன்றாவது குழுவுக்குத் தீனி பழையதுதான், ஆனால் கூண்டில் கூட இருக்க ஒரு நாய், மாற்றி மாற்றிப் போடும் விளையாட்டுப் பொருள்கள், வாரம் இரண்டு முறை இருபது நிமிட வெளி நடை, தொடர்ந்து புதுப்புதுத் தேர்வுப் பயிற்சி. நான்காவது குழுவுக்கு இரண்டும். இவற்றுக்கு வைத்த தேர்வுகளில் ஒன்று இது: கறுப்புக் கட்டையில் தீனி என்று பழக்கிவிட்டு, திடீரென்று வெள்ளைக்கு மாற்றினால் கிழட்டு நாய் தடுமாறும். பழையதை விட முடியாது. எதுவும் கிடைக்காத குழு இதில் பெரும்பாலும் தோற்றது. தனித்தனியாகக் கிடைத்த குழுக்கள் நன்றாகச் செய்தன. இரண்டும் கிடைத்த குழுதான் எல்லாவற்றையும்விட மேலே நின்றது.

வாரம் இரண்டு முறை இருபது நிமிடம். அதுதான் அந்த நாய்களுக்குச் செறிவூட்டிய வாழ்க்கை! நம் தெருவில் காலையும் மாலையும் கயிறு கட்டிக் கூட்டிப்போகப்படும் எந்த நாய்க்கும் அதைவிட அதிகம் கிடைக்கிறது. அப்படியென்றால் வீட்டு நாய் ஏற்கெனவே அந்த மூன்றாவது குழுவில்தான் இருக்கிறதா, இன்னும் கூட்டினால் இன்னும் பலன் இருக்குமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. சோதனையின் முடிவில் நாய்களைக் கொன்று மூளையைப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நடையும் துணையும் கிடைத்த நாய்களின் ஹிப்போகாம்பஸில் ஒரு பகுதியில் செல் இழப்பு குறைந்திருந்தது தெரிந்தது அப்படித்தான்.

இதே காலத்தில் அதே வட்டாரத்தினர் வேறொரு கேள்வியையும் கேட்டார்கள்: அமிலாய்டை நீக்கிவிட்டால் போதாதா? கிழட்டு பீகிள்களுக்கு அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசியை இரண்டாண்டுகளுக்கும் மேல் போட்டுப் பார்த்தார்கள். 2008இல் வந்த முடிவு: படிவு குறைந்தது, கற்கும் திறனும் நினைவும் மேம்படவில்லை. மாற்றத்துக்கு ஏற்ப நடத்தையைத் திருத்திக்கொள்ளும் திறன் மட்டும் ஓரளவு தங்கியது. மனிதர்களுக்கான அமிலாய்டு மருந்துகளில் அதன் பிறகு கொட்டப்பட்ட பணத்தை நினைத்தால், பீகிள்கள் முன்கூட்டியே சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. படிவு ஏற்படும் முன்பே தடுத்தால் பலன் வேறாக இருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

வீட்டு நாய்களை நேரடியாகத் தேர்வில் உட்கார வைத்தவர்கள் குறைவு. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆய்வகம் அதைச் செய்தது. 95 வளர்ப்பு பார்டர் காலி நாய்கள், ஐந்து மாதக் குட்டியிலிருந்து 13 வயதுக் கிழம் வரை, தொடுதிரையில் மூக்கால் தட்டிப் பதில் சொல்லப் பழகின. எந்தப் படத்தைத் தொட்டால் தீனி என்று கற்றுக்கொள்வதில் கிழடுகள் பின்தங்கின. அதிக முறை தவறின. ஆறு மாதம் கழித்து அதையே நினைவுபடுத்தச் சொன்னபோது வயது வேறுபாடு தென்படவில்லை. தெரிந்த தவறான படத்தோடு ஒரு புதுப் படத்தைக் காட்டி, இது இல்லையென்றால் அதுதான் என்று விலக்கி முடிவெடுக்கச் செய்தபோது கிழட்டு நாய்கள் இளசுகளை முந்தின. பழையதை விட்டுக்கொடுக்காத பிடிவாதம் அங்கே உதவியது என்பது ஆய்வாளர்களின் ஊகம். கறுப்பு வெள்ளைக் கட்டையில் காலை வாரிய அதே குணம்! மூப்பு என்றால் எல்லாம் ஒரே சீராகத் தேய்வது என்ற எண்ணத்தை இந்த ஒரு ஆய்வே கலைத்துவிடுகிறது.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாயின் ஓர் ஆண்டு மனிதருக்கு ஏழு என்ற வாய்பாடு எங்கிருந்து வந்ததோ, அதற்கு ஆதாரம் இல்லை. சான் டியேகோவில் 104 லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவில் வயதோடு ஏறும் வேதிக் குறிகளை மனிதருடையதோடு ஒப்பிட்டு 2020இல் ஒரு புது வாய்பாடு கொடுத்தார்கள். அதன்படி ஒரு வயது நாய் ஏறத்தாழ முப்பது வயது மனிதருக்குச் சமம். பிறகு ஓட்டம் தணிகிறது. ஒரே இன நாய்களை வைத்து எடுத்த கணக்கு என்பதை மறக்கக் கூடாது. பெரிய நாய்கள் சீக்கிரம் சாகின்றன. கிரேட் டேன் எட்டில் கிழடு, பாமரேனியன் பதினான்கிலும் துள்ளும். உடல் சீக்கிரம் மூத்தால் மூளையும் சீக்கிரம் மூக்க வேண்டும் அல்லவா? நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விளையாட்டுத் தேர்வு முடிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு இல்லை என்கிறது. சிறிய இனம், பெரிய இனம் இரண்டிலும் அறிவு ஆண்டுக் கணக்கில் ஒரே வேகத்தில்தான் மூக்கிறது. பெரிய நாய்க்கு மறதி வருவதற்குள் உடல் முடிந்துவிடுகிறது. மறதி நோய் அதிகமும் சிறிய இனங்களின் வீட்டில் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

வீட்டில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வரும்போது எனக்கு மருந்தைவிட முக்கியமாகப் படுவது, இது மறதி நோய்தானா என்று உறுதிசெய்வது. இதற்கென்று ஒரு தனிப் பரிசோதனை கிடையாது. மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டு மிஞ்சுவதற்கு வைக்கும் பெயர் இது. மூட்டுவலி நாயை இரவில் தூங்க விடாது, தொட்டால் சீற வைக்கும். கண்புரை வந்த நாய் மூலையில் முட்டும். செவிடானது கூப்பிட்டால் வராது. சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ வந்த நாய் நிறையத் தண்ணீர் குடித்து வீட்டுக்குள்ளேயே ஒழுகும். ரத்த அழுத்தம், தைராய்டு, மூளைக் கட்டி எல்லாம் இதே வேடத்தில் வரும். தலை ஒருபக்கம் சாய்ந்து, கண் ஆடி, நடக்க முடியாமல் ஒரே நாளில் விழுந்த நாய்க்குப் பக்கவாதம், இனி அவ்வளவுதான் என்று ஊசி போட்டு முடித்துவிடுவோர் உண்டு. பல சமயம் அது காதின் சமநிலை உறுப்பில் வரும் முதுமைக் கோளாறு. சில வாரங்களில் தானே தேறிவிடும்.

நம் ஊருக்கென்று இன்னொரு பயமும் இருக்கிறது. நாய் திடீரென்று ஆளை அடையாளம் காணாமல் உறுமினால் முதலில் எல்லோருக்கும் வருவது வெறிநோய் நினைப்பு. அது நியாயமான பயம், அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் காலக்கணக்கு இரண்டையும் பிரித்துக்காட்டும். வெறிநோயின் குறிகள் தோன்றினால் நாய் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டாது. மறதி நோய் மாதக்கணக்கில், அடையாளம் தெரியாத மெதுவில் வருவது. தவறாமல் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட பதின்மூன்று வயது நாய் ஐந்து மாதமாக இப்படி இருக்கிறது என்றால் தேட வேண்டிய இடம் வேறு. நாலைந்து நாளில் மாறிய நாய், ஊசி போட்டதா தெரியாது என்றால் கையை எட்ட வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு வழியும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் முன்னின்று நடத்தும் ‘டாக் ஏஜிங் ப்ராஜெக்ட்’ 15,019 வளர்ப்பு நாய்களின் படிவங்களை வைத்து 2022இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஒவ்வொரு கூடுதல் வயதுக்கும் மறதி நோய்க்கான வாய்ப்பு விகிதம் 52 விழுக்காடு ஏறியது. வயது, இனம், உடல்நிலை ஒத்த நாய்களுக்குள், நடமாட்டம் இல்லாதவை என்று சொல்லப்பட்டவற்றுக்கு, மிகச் சுறுசுறுப்பானவற்றோடு ஒப்பிட அந்த விகிதம் 6.47 மடங்கு. மிகப் பெரிய எண். ஆனால் ஓடாததால் மறந்ததா, மறந்ததால் ஓடவில்லையா, மூட்டுவலியால் ஓட முடியாமல் போனதா என்பதை ஒரே நேரத்தில் நிரப்பிய படிவம் சொல்லாது. ஆய்வாளர்களே இதை ஒப்புக்கொள்கிறார்கள். இருந்தாலும் கூண்டு பீகிள்களின் சோதனையில் நடையும் பயிற்சியும் முதலில் வந்தன, பலன் பிறகு வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது நடையின் பக்கம் தராசு சாய்கிறது.

மருந்துகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. செலெஜிலின் என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு 1998இல் நாய்களின் மறதி நோய்க்கென ஒப்புதல் தந்தது. சில நாய்களுக்குப் பலன் தெரிகிறது, அதுவும் ஒரு மாதத்துக்கு மேல் கொடுத்த பிறகு. வலிக்கும் மனப்பதற்றத்துக்கும் கொடுக்கும் டிராமடால், ஃபுளூக்செட்டின் போன்றவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. மூளைக்குச் சர்க்கரைக்கு மாற்று எரிபொருளாக நடுத்தர நீளக் கொழுப்பு சேர்த்த தீனி கிழட்டு பீகிள்களின் தேர்வு முடிவுகளை உயர்த்தியதை 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. இது காதில் விழுந்ததும் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். ஆய்வில் பேசப்படும் எட்டு, பத்து கரியணுக் கொழுப்புகள் அதில் சிறு பங்குதான். கரண்டி கரண்டியாக ஊற்றினால் கணையம்தான் முதலில் வீங்கும்.

மருந்தில்லாமல் வீட்டில் செய்யக் கூடியவை சாதாரணமானவை. வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு, சாமான்களை இடம் மாற்றாமல் இருப்பது, சாப்பாட்டுக்கும் நடைக்கும் மாறாத நேரம், வெளியே போனால் அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடுவது. இரவுத் தூக்கம்தான் வீட்டாரை முதலில் உடைக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் கிழட்டு நாய்களின் தலையில் மின்முனை ஒட்டி மூளை அலையை 2023இல் பதிவுசெய்தார்கள். மறதி அதிகமான நாய்கள் பகல் தூக்கத்திலும் குறைவாகவே ஆழ்ந்தன. ஆழ்ந்த தூக்கத்துக்குரிய மெதுவான அலைகள் அவற்றில் குறைந்திருந்தன. ஆகவே நாள் முழுக்கத் தூங்குகிறது என்று நாம் நினைக்கும் நாய் உண்மையில் சரியாகத் தூங்குவதே இல்லாமலிருக்கலாம்.

அதே பல்கலைக்கழகக் குழு ரத்தத்தில் ஒரு புரதத்தையும் அளந்துவருகிறது. நரம்பு இழைகள் சிதையும்போது கசியும் நியூரோஃபிலமென்ட் அது. நாய்க்கு வயதாக ஆக ஏறுகிறது. ஆனால் எந்த நரம்புச் சேதத்திலும் அது கசியும் என்பதால் அதை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த எண் வந்தாலும், இந்த நாய் போன வருடம் எப்படி இருந்தது என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் நாய் இரவில் நடப்பதை இரண்டு நிமிடம் கைபேசியில் எடுத்துவரச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் பயத்தில் விறைத்து நிற்கும் நாயிடம் தெரியாதது அந்தப் படத்தில் தெரியும்: பின்னங்காலை இழுத்து நடக்கிறதா, தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடுகிறதா, ஒரே பக்கமாகச் சுற்றுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம்.